தடுப்பரண் கட்டிய பேராசிரியர்

கல்லில் எழுதியவர்கள் – 9

சென்ற வாரம் பெர்லினில் கட்டடக்கலைஞர் ஷிங்கெலின் மரணத்தோடு நிறுத்தியிருந்தோம். அது 1841 அக்டோபர். அதே ஆண்டு ஏப்ரலில், பெர்லினுக்குத் தெற்கே எல்பா ஆற்றங்கரையில் இருக்கும் டிரெஸ்டன் நகரில் சாக்சனி மன்னரின் புதிய ஓபரா அரங்கு திறக்கப்பட்டிருந்தது. அதைக் கட்டியவருக்கு வயது 37. டிரெஸ்டன் கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியர். அரண்மனைக்கும் வேண்டியவர், ஊர்ப் பணக்காரர்களுக்கும் வேண்டியவர். எட்டே ஆண்டுகளில் அதே அரசு அவரைப் பிடிக்க ஆணை பிறப்பித்தது.

கோட்ஃபிரீட் செம்பரின் வாழ்க்கையை ஒரு வாரத்துக்குள் அடக்குவது கஷ்டம். பெரிய கட்டடங்கள் பல எழுப்பியவர். ஆனால் கட்ட ஒரு செங்கல்கூடக் கிடைக்காமல் நாடு நாடாக அலைந்த 1849 முதல் 1855 வரையிலான ஆண்டுகளில்தான் அவருடைய ஆகப் பெரிய வேலை நடந்தது என்பது என் கட்சி. ஆகவே அங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

செம்பர் 1803 நவம்பர் 29 அன்று ஹாம்பர்க்கில் பிறந்தார். தந்தை கம்பளித் துணி உற்பத்தியாளர். கட்டடக்கலைக்கு மகன் நேர்வழியில் வரவில்லை. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். பிறகு மியூனிக் கலைக்கழகத்தில் பெயருக்குச் சேர்ந்தார். 1826-ல் ஒரு வாள்சண்டை விவகாரத்தில் மாட்டிக்கொண்டு பாரிஸுக்கு ஓடினார் என்று சொல்வார்கள். ஓடிய இடத்தில் நல்ல ஆசிரியர் வாய்த்தார். கொலோன் ஊர்க்காரரான ஃபிரான்ஸ் கிறிஸ்டியன் கௌ, நைல் நதிக்கரையில் நூபியாவின் பழங்கட்டடங்களை அளந்து வரைந்து புத்தகமாக வெளியிட்டவர். புத்தகத்தைப் பார்த்து வரையாதே, கட்டடத்தின் அருகில் போய் அளந்து பார் என்கிற பழக்கம் செம்பருக்கு அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. 1830 ஜூலையில் பாரிஸ் மக்கள் தெருத்தெருவாகத் தடுப்பரண் எழுப்பி மன்னர் பத்தாம் சார்லஸைத் துரத்தியபோதும் செம்பர் அங்கேதான் இருந்தார். அந்தப் பாடத்தையும் அவர் மறக்கவில்லை.

அதே ஆண்டின் பிற்பகுதியில் இத்தாலிக்கும் அங்கிருந்து கிரேக்கத்துக்கும் பயணம். கிரேக்கக் கோயில்கள் தூய வெண்பளிங்கால் ஆனவை, அந்த வெண்மைதான் அவற்றின் அழகு என்று கலை வரலாற்றாளர் விங்கெல்மன் காலத்திலிருந்து ஜெர்மன் அறிஞர்கள் நம்பி வந்தார்கள். ஏதென்ஸில் ழூல் கூரி என்ற பிரெஞ்சுத் தோழரோடு சாரம் ஏறிக் கற்களை உற்றுப் பார்த்த செம்பருக்கு வேறொன்று தெரிந்தது. பிளவுகளிலும் மழை படாத மூலைகளிலும் வண்ணம் ஒட்டியிருந்தது. ரோமில் டிராஜன் தூணிலும் வண்ணத் தடம் இருப்பதைக் கண்டார். அந்த வெண்மை மழையும் வெயிலும் தந்தது, சிற்பி தந்ததல்ல என்ற முடிவுக்கு வந்தார். 1834-ல் சின்னஞ்சிறு நூலாக இதை வெளியிட்டதும் அறிஞர் உலகில் சச்சரவு கிளம்பியது. பெர்லின் கலை வரலாற்றாளர் ஃபிரான்ஸ் கூக்லர், ஏதோ அங்கங்கே கொஞ்சம் வண்ணம் இருந்திருக்கலாம் என்று பாதி ஒப்புக்கொண்டு பாதி மறுத்தார். கோயில் முழுக்கவே வண்ணம் என்று செம்பர் பிடிவாதம் பிடித்தார். நிறத்தின் அளவைப் பற்றி இன்றும் வாதம் உண்டு. நிறம் இருந்ததா என்ற வாதம் முடிந்துவிட்டது.

அந்த ஆண்டே கௌவின் சிபாரிசில் டிரெஸ்டன் பேராசிரியர் பதவி கிடைத்தது. வயது 30. கையில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கட்டடமும் இல்லை. வகுப்பறையில் உட்கார்ந்து பழைய படங்களை நகலெடுக்கும் முறைக்குப் பதிலாக, பாரிஸில் தாம் பழகிய பட்டறை முறையை அவர் கொண்டுவந்தார். ஆசிரியர் உண்மையில் கட்டிக்கொண்டிருக்கும் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தே மாணவன் தொழிலைக் கற்றான். பார்ப்பதற்கு வேலையும் நிறைய இருந்தது. அரச ஓபரா அரங்கு, வில்லா ரோசா என்ற மாளிகை, ஓப்பன்ஹைம் குடும்பத்தின் அரண்மனை போன்ற வீடு, யூதர்களின் தொழுகைக்கூடம் எல்லாம் பதினைந்து ஆண்டுக்குள் எழுந்தவை.

ஓபரா அரங்கில் அவர் செய்த புதுமை எளிமையானது. அதுவரை ஐரோப்பாவின் பல நாடக அரங்குகள் வெளியே பெட்டி போலவும் உள்ளே குதிரை லாடம் போலவும் இருந்தன. செம்பர் உள்ளே மக்கள் வளைந்து உட்காரும் வடிவத்தை வெளிச்சுவரிலும் வளைவாகவே காட்டினார். கட்டடத்தைத் தூரத்தில் பார்த்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். தொழுகைக்கூடத்தை வெளியே ஜெர்மனியின் பழைய ரோமானெஸ்க் பாணியிலும், உள்ளே ஸ்பெயினின் மூர்களுடைய அலங்காரத்திலும் அமைத்தார். 1840-ல் திறக்கப்பட்ட அந்தக் கூடத்தை 1938 நவம்பர் 9 இரவு நாஜிகள் எரித்தார்கள். அதன் உச்சியில் இருந்த தாவீது நட்சத்திரத்தை ஒரு தீயணைப்பு வீரர் எடுத்து ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். 2001-ல் திறந்த புதிய தொழுகைக்கூடத்தில் இன்று அது இருக்கிறது.

டிரெஸ்டனில் செம்பருக்கு வாய்த்த நண்பர்களில் ஒருவர் 1843-ல் அரசவை இசை நடத்துநராக வேலைக்குச் சேர்ந்த ரிச்சர்ட் வாக்னர். ‘ரியன்சி’, ‘பறக்கும் டச்சுக்காரன்’, ‘டான்ஹாய்சர்’ மூன்றும் செம்பரின் அரங்கில்தான் முதலில் மேடையேறின. இருவரும் ஓர் உணவகத்தில் கூடுவார்கள். கூடினால் சண்டை. இடைக்காலப் பாணர்களையும் யாத்திரிகர்களையும் பற்றி இசை நாடகம் எழுதுவது பிற்போக்கு என்பது செம்பரின் கடுப்பு. வாக்னரே தம் தன்வரலாற்றில் இதைக் கொஞ்சம் சிரிப்போடு எழுதியிருக்கிறார். செம்பர் கோபக்காரர், பிடிவாதக்காரர், மன்னரிடம் சம்பளம் வாங்கிய குடியரசுவாதி.

இனி 1849. ஜெர்மனி என்று ஒரு நாடு அப்போது இல்லை, முப்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் இருந்தன. முந்தைய ஆண்டுப் புரட்சியின் விளைவாக ஃபிராங்ஃபர்ட்டில் கூடிய தேசிய நாடாளுமன்றம் எல்லா அரசுகளுக்கும் பொதுவாக ஓர் அரசியல் சட்டம் எழுதியது. சாக்சனி மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் ஆகஸ்ட் அதை ஏற்க மறுத்துத் தம் நாட்டு மன்றத்தையும் கலைத்தார். மே 3 அன்று டிரெஸ்டன் கொதித்தது. மறுநாள் மன்னர் நகரை விட்டு வெளியேற, நகர மன்றத்தில் ஒரு தற்காலிக அரசு உட்கார்ந்தது. வாக்னர் கோபுரம் ஏறி ராணுவ நடமாட்டத்தைக் கவனித்தார். ரஷ்யாவிலிருந்து வந்த புரட்சிக்காரர் மிகயில் பக்கூனின் ஆலோசனை சொன்னார். செம்பர் நகரக் காவற்படை உறுப்பினர். சீருடையோடு வந்து நின்றார்.

அடுத்து நடந்ததை வாக்னர் எழுதியிருக்கிறார். வில்ஸ்டுரூஃபர் தெருவிலும் அதை ஒட்டிய சந்திலும் மக்கள் எழுப்பியிருந்த தடுப்பரண் சரியாகக் கட்டப்படவில்லை என்பதுதான் செம்பரின் புகார். புரட்சி வெல்லுமா, தோற்குமா என்பதல்ல அவர் கவலை. கட்டுமானம் மோசம்! பாதுகாப்புக் குழுவிடம் போய்ச் சொல்லுங்கள் என்று வாக்னர் அனுப்பிவைத்தார். செம்பர் போனார், அனுமதி பெற்றார், தம் தொழில் முறைப்படி அந்த அரணைத் திருத்திக் கட்டினார். சாக்சனிப் படைக்கு உதவியாகப் பிரஷ்யப் படை வந்து சேர்ந்தது. தடுப்பரண்களில் நேருக்கு நேர் மோதிச் சாவதைவிட, வீடுகளின் சுவரை உடைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு உள்வழியாகவே படையினர் முன்னேறினார்கள். மே 9 காலையில் எல்லாம் முடிந்தது.

பக்கூனின் பிடிபட்டு மரண தண்டனை பெற்றார். பின்னர் அது குறைக்கப்பட்டு ஆஸ்திரியா, ரஷ்யா என்று சிறை மாறினார். வாக்னரின் உதவி இசை நடத்துநர் ஆகஸ்ட் ரோக்கெல் 1862 வரை சிறையில் கிடந்தார். வாக்னர் சூரிச்சுக்குத் தப்பினார். செம்பர் ஸ்ட்ராஸ்பர்க் வழியாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். மனைவி பெர்த்தாவும் ஆறு குழந்தைகளும் டிரெஸ்டனில். 1847-ல் அவர் தொடங்கிய ஓவியக்கூடம் பாதியில் நின்றது. ரஃபேலின் ‘சிஸ்டைன் மடோனா’ இன்று தொங்கும் அந்தக் கூடத்தை மற்றவர்கள்தான் 1855-ல் முடித்துத் திறந்தார்கள்.

பாரிஸில் வேலை இல்லை. முன்பு தம் ஓபரா அரங்குக்கு அலங்கார ஓவியம் செய்த பிரெஞ்சு நண்பர்கள் தாங்கினார்கள். எத்தனை நாள் அப்படி இருப்பது? 1850 செப்டம்பரில் அமெரிக்காவுக்குப் போய்விடலாம் என்று லஹாவ்ர் துறைமுகத்தில் கப்பலேறும் தறுவாயில் இருந்தபோது லண்டனில் வேலை இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எமில் பிரவுன் என்ற தொல்லியலாளர். என்ன வேலை? சுடுகாட்டுச் சீர்திருத்தம். லண்டனின் புதைகுழிகள் நிரம்பி நோய் பரப்பிய காலம், புதிய கல்லறைத் தோட்டம் வடிவமைக்க ஆள் தேவை என்றார்கள். செம்பர் கப்பலை விட்டுவிட்டு லண்டன் போனார். அந்த வேலை நடக்கவே இல்லை.

நடந்தது வேறு. 1851 மே 1 அன்று ஹைட் பூங்காவில் கண்ணாடி மாளிகை திறந்தது. உலக நாடுகள் எல்லாம் தம் பொருள்களைக் கொண்டுவந்து பரப்பிய அந்தப் பெருங்கண்காட்சியை ஆறு மாதத்துக்குள் சுமார் 60 லட்சம் பேர் பார்த்தார்கள். ஏற்பாட்டாளர்களில் ஒருவரான ஹென்றி கோலின் தயவில் கனடா, துருக்கி, ஸ்வீடன், டென்மார்க் முதலிய சில நாடுகளின் அரங்குகளை அலங்கரிக்கும் வேலை செம்பருக்குக் கிடைத்தது. ஓபரா கட்டியவர் கனடாவின் தோணியையும் தோலையும் அடுக்கிவைத்தார். கூலிக்கு மாரடிக்கிற வேலைதான். ஆனால் எவருக்கும் கிடைக்காத ஓர் இருக்கை அவருக்குக் கிடைத்தது. உலகின் எல்லா மூலைகளிலும் மனிதன் கையால் செய்த பொருள்கள் ஒரே கூரையின் கீழ், தினமும் கண்ணெதிரே. கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த இந்தியத் துணிகளும் அதில் உண்டு. இயந்திரத்தில் அச்சடித்த ஐரோப்பியத் துணி, தொழில் நாகரிகம் இல்லாதவர்கள் என்று ஐரோப்பா நினைத்தவர்களின் கைத்தறித் துணிக்குப் பக்கத்தில் அசிங்கமாகத் தெரிந்தது. கோல், வடிவமைப்பாளர் ஓவன் ஜோன்ஸ், செம்பர் மூவரும் இதை ஒப்புக்கொண்டார்கள். இயந்திரம் பொருளை மலிவாக்கிவிட்டது, அதைக் கையாளும் கலையறிவை நாம் இன்னும் பெறவில்லை என்ற வாதத்தை 1852-ல் ‘அறிவியல், தொழில், கலை’ என்ற சிறு நூலாகவே செம்பர் எழுதினார்.

கண்காட்சியில் டிரினிடாட் தீவிலிருந்து வந்த ஒரு மூங்கில் குடிசையின் மாதிரியும் இருந்தது. அதற்கு முன்பே ‘கட்டடக்கலையின் நான்கு கூறுகள்’ என்ற நூலில் செம்பர் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார். மனிதன் முதலில் மூட்டியது அடுப்பு. அதைச் சுற்றித்தான் கூட்டம் கூடியது. அந்த நெருப்பைக் காக்க மற்ற மூன்றும் வந்தன. தரையீரத்திலிருந்து உயர்த்த ஒரு மேடை, மேலே ஒரு கூரை, பக்கங்களில் ஒரு தடுப்பு. அடுப்பிலிருந்து மண்பாண்டக் கலை, மேடையிலிருந்து கல்வேலை, கூரையிலிருந்து தச்சு, தடுப்பிலிருந்து பின்னலும் நெசவும். நான்கு கூறு, நான்கு கைத்தொழில். டிரினிடாட் குடிசையில் இந்த நான்கும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகத் தெரிந்தன. நான் சொன்னது கற்பனை அல்ல, இதோ பாருங்கள் என்று காட்ட ஒரு சாட்சி கிடைத்தது.

இதில் புரட்சி எங்கே என்று கேட்கலாம். சுவர் விஷயத்தில்தான். கல்லோ செங்கல்லோ அடுக்கியதுதான் சுவர் என்று எல்லாரும் நினைத்தபோது, இல்லை, சுவரின் மூதாதை பாயும் தட்டியும் தொங்கவிட்ட விரிப்பும் என்றார் செம்பர். இடத்தைப் பிரிப்பது நெய்த திரை. கனமான கல் அந்தத் திரையைத் தாங்கப் பின்னால் வந்து நின்ற வேலைக்காரன். அசீரியாவிலிருந்து தொல்லியலாளர் லேயார்ட் தோண்டிக்கொண்டு வந்த சிற்பப் பலகைகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. அவற்றில் செம்பர் கண்டது கல்லாகிப்போன கம்பளங்களை. ஒரு பொருளில் பிறந்த வடிவம் வேறொரு பொருளுக்கு மாறும்போது பழைய அடையாளத்தை விடாமல் கூட்டிச் செல்கிறது என்ற அவருடைய பெரிய கொள்கை இப்படித்தான் உருவானது. கிரேக்கக் கோயிலில் கண்ட வண்ணமும் இந்தக் கணக்கில் சரியாகப் பொருந்திவிட்டது. வண்ணம், பளிங்கு போர்த்திக்கொண்ட கடைசி ஆடை. கம்பளித் துணி உற்பத்தியாளரின் மகன் கட்டடக்கலையை நெசவில் தொடங்கிவைத்தார் என்பதை நான் பெரிதாக்க விரும்பவில்லை. சொல்லாமல் விடவும் மனமில்லை.

1852-ல் கோல் நடத்திய கலைத்தொழில் பள்ளியில் உலோக வேலை கற்பிக்கும் ஆசிரியராகச் சேர்ந்தார். பொருள்களைக் காலத்தையோ நாட்டையோ வைத்து அடுக்காமல், எந்தத் தொழில்நுட்பத்தில் செய்தது என்பதை வைத்து அடுக்கிக் கற்பிப்பது அவர் முறை. அந்த ஆண்டு நவம்பரில் வெலிங்டன் பிரபுவின் அரசு மரியாதை இறுதி ஊர்வலம் வந்தது. வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற தளபதி. அதற்கு முன் 1799-ல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வளைத்த படையில் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரில் இருந்தவரும் இவரே. சவ ஊர்தி வடிவமைக்கும் பொறுப்பு கோலின் பள்ளிக்கு வந்தது. ஓவியர் ரிச்சர்ட் ரெட்கிரேவும் செம்பரும் சில வாரத்தில் வரைந்து முடித்தார்கள். ஆறு வெண்கலச் சக்கரம், பத்து டன்னுக்கு மேல் எடை, இழுக்கப் பன்னிரண்டு குதிரை. வழியில் சேற்றில் புதைந்து நின்றது, காவலர்கள் சேர்ந்து இழுக்க வேண்டியதாயிற்று. எழுத்தாளர் கார்லைல் அதைப் பார்த்து முகம் சுளித்தார். மன்னனுக்கு எதிராகத் தெருவில் நின்ற மனிதர், மூன்று ஆண்டில், ஐரோப்பிய முடியாட்சிகளின் தூணாக இருந்த ஒருவரின் சவத்துக்குத் தேர் செய்தார். பிழைப்பு அப்படி.

1855-ல் விடிவு வந்தது. சுவிஸ் நாடு சூரிச்சில் புதிதாகக் கூட்டாட்சிப் பாலிடெக்னிக்கைத் தொடங்கியது. அங்கே ஏற்கெனவே அகதியாக இருந்த வாக்னர் பேசிவைத்தார். கட்டடக்கலைப் பள்ளியின் தலைமையும் ஆயுட்காலப் பேராசிரியர் பதவியும் செம்பருக்குக் கிடைத்தன. பாலிடெக்னிக்குக்குச் சொந்தக் கட்டடம் வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். முதல் பரிசுக்குத் தகுதியானது எதுவும் வரவில்லை. நடுவர் குழுவில் இருந்த செம்பரிடமே கடைசியில் வேலை வந்தது. நகரைப் பார்த்துக் குன்றின் மேல் நிற்கும் அந்தக் கட்டடம் 1864-ல் முடிந்தது. வடக்குச் சுவரில் அறிஞர், கலைஞர் பெயர்களும் உருவங்களும் சுண்ணச்சாந்தைக் கீறி வரையப்பட்டிருக்கின்றன. சுவர் என்பது விரிப்பு என்று எழுதியவர், கிடைத்த முதல் பெரிய சுவரில் அதைச் செய்தே காட்டினார். பெர்த்தா அதைப் பார்க்கவில்லை, 1859-லேயே இறந்துவிட்டார்.

‘பாணி’ என்ற பெருநூலின் முதல் தொகுதி 1860-ல் வந்தது, முழுக்க நெசவைப் பற்றி. இரண்டாவது 1863-ல், மண்பாண்டம், தச்சு, கல், உலோகம். கட்டடக்கலைக்கே உரிய மூன்றாம் தொகுதியை வாசகர்கள் எதிர்பார்த்தார்கள். வரவே இல்லை. படிக்கச் சுலபமான நூல் அல்ல. கிளைக்குள் கிளையாக ஓடும், ஆசிரியரே சில இடங்களில் வழி தவறுவார். அப்படியும் அது விதையாக விழுந்தது. அவரிடம் நேரே படித்த ஹன்ஸ் அவுவர் பெர்னில் சுவிஸ் நாடாளுமன்றத்தைக் கட்டினார். செம்பர் போன பிறகு சூரிச்சில் படித்த டச்சுக்காரர் பெர்லாஹே, வியன்னாவின் ஓட்டோ வாக்னர் போன்றவர்கள் இந்தப் பக்கங்களிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு அடுத்த நூற்றாண்டுக்குப் போனார்கள்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். பவேரியாவின் இளம் மன்னர் இரண்டாம் லுட்விக், ரிச்சர்ட் வாக்னருக்காக மியூனிக்கில் ஒரு விழா அரங்கு கட்ட 1864 முடிவில் செம்பரை அழைத்தார். வரைபடம், மாதிரி எல்லாம் செய்து கொடுத்தும் அரங்கு எழவில்லை. உழைப்புக்குப் பணம் வாங்க வக்கீலைப் பிடிக்க வேண்டியிருந்தது. வாக்னரோடு உறவும் கசந்தது. அந்த அரங்கின் கருத்துகள் 1876-ல் பைராய்த்தில், வேறொருவர் கட்டிய அரங்கில் உயிர்பெற்றன.

1863-ல் சாக்சனி பிடியாணையை நீக்கியது. 1869 செப்டம்பர் 21 அன்று டிரெஸ்டன் ஓபரா அரங்கு வேலையாட்களின் கவனக்குறைவால் எரிந்து சாம்பலானது. பழையவரைக் கொண்டே புதியதைக் கட்ட வேண்டும் என்று நகரத்தார் மன்னரிடம் கேட்டார்கள். செம்பர் ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே குடிபோகவில்லை. வரைபடங்களும் கடிதங்களும் தபாலில் போயின, மகன் மன்ஃபிரெட் களத்தில் நின்று கட்டி முடித்தார். 1878 பிப்ரவரியில் திறந்தது. 1945 பிப்ரவரி 13 குண்டுவீச்சில் மறுபடி அழிந்து, சரியாக நாற்பது ஆண்டு கழித்து அதே நாளில் மறுபடி திறந்த அரங்கு இதுவே.

செம்பர் அந்த ஆண்டுகளில் வியன்னாவில் இருந்தார். பேரரசரின் இரட்டை அருங்காட்சியகங்களும் பர்க் நாடக அரங்கும் அங்கே அவர் கட்டடக்கலைஞர் ஹாசெனவருடன் சேர்ந்து எடுத்த வேலைகள். இளையவரோடு ஒத்துப்போகாமல் 1876-ல் விலகினார். எது யாருடைய கை என்று ஆய்வாளர்கள் இன்றும் பிரித்துப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த வழக்கில் அக்கறை குறைவு. வியன்னாக் கட்டடங்கள் கம்பீரமானவை, ஆனால் சூரிச்சின் வடக்குச் சுவரில் இருக்கும் தெளிவு அவற்றில் இல்லை. 1879 மே 15 அன்று ரோமில் செம்பர் இறந்தார். அங்கேயே புராட்டஸ்டன்ட் கல்லறையில் புதைத்தார்கள். டிரெஸ்டன் நகரம் 1892-ல் எல்பா கரை மேல்தளத்தில் அவருக்குச் சிலை வைத்தது.

அடுத்த வாரம் ஹானோவருக்குப் போவோம். செங்கல்லை மறைத்துப் பூசுவது பாவம், கோதிக்தான் நேர்மையான வழி என்று செம்பருக்கு நேர் எதிராக நின்ற கொன்ராட் வில்ஹெல்ம் ஹாஸெ அங்கே காத்திருக்கிறார். செம்பர் டிரெஸ்டனை விட்டு ஓடிய அதே 1849-ல் ஹானோவர் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தத் தொடங்கிய ஹாஸெ 1894 வரை நிறுத்தவில்லை.